உஷார்! பிரேக் ஆயில் என்பது ஆயில் இல்லை

ஷெட்டில் பழைய வண்டி நிற்கிறதா? அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினியா? மாமா விட்டுப்போன அம்பாசடரா? கல்யாணமான புதிதில் வாங்கிய மாருதி 800-ஆ? இந்த விடுமுறையில் அதை மறுபடி ஓடவைத்துவிடலாம் என்று ஸ்பேனரைக் கையில் எடுக்கப்போகிறீர்களா?

ஒரு நிமிஷம். பிரேக்கில் கை வைக்கும் முன் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். வீட்டுக்காரர் படிக்க மாட்டார் என்றால் வீட்டம்மா படித்துச் சொல்லுங்கள்.

இன்ஜினைத் தப்பாகப் பூட்டினால் வண்டி கிளம்பாது. வாசலிலேயே நின்று மானத்தை வாங்கும், அவ்வளவுதான். பிரேக்கைத் தப்பாகப் பூட்டினாலோ வண்டி ஜோராகக் கிளம்பும். தெருவில் நாலு சுற்று சுற்றி வரும். மிதித்தால் நிற்கவும் நிற்கும். பத்து நாள், பதினைந்து நாள்கூட ஒழுங்காக ஓடும். அதுதான் எனக்குப் பயம்.

எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். சேலத்துக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் பொறுமையாக, சுத்தமாகச் செய்கிற மனிதர். அவருடைய அப்பா வைத்திருந்த பிரீமியர் பத்மினி பல வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பேத்தியை அதில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு போக வேண்டும் என்பது அவர் ஆசை. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, நாலு சக்கரத்து டிரம்மையும் கழற்றினார். புது பிரேக் ஷூ, சிலிண்டர் ரப்பர்கள் அடங்கிய புது வாஷர் கிட், எல்லாம் காசு போட்டு வாங்கினார். கஞ்சத்தனம் பண்ணவில்லை. அலட்சியமாகவும் செய்யவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘நான் ஜாக்கிரதையான ஆளாச்சே’ என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். அவரும் ஜாக்கிரதையான ஆள்தான்.

மூன்றாவது ஞாயிறு சாயந்திரம் கடைசி சக்கரத்துக்கு ஏர் எடுத்துக்கொண்டிருந்தபோது, அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தபோது, பிரேக் ஆயில் தீர்ந்துபோனது. கடை பூட்டியாகிவிட்டது. பெடலை மிதித்துக் கொடுக்க வந்திருந்த பக்கத்து வீட்டுப் பையன், அலமாரியில் பாதி டின் இருந்த பைக் இன்ஜின் ஆயிலை எடுத்து நீட்டினான். “ஆயில்தானுங்களே அண்ணா, ஊத்துங்க. நாளைக்கு வேணா மாத்திக்கலாம்.”

ஊற்றினார். ஒரு காபி டம்ளர் அளவுகூட இருக்காது.

மறுநாள் மாற்றவில்லை. மாற்றத் தோன்றவே இல்லை, ஏனென்றால் பிரேக் அருமையாகப் பிடித்தது. கோயிலுக்குப் போனார்கள், மார்க்கெட்டுக்குப் போனார்கள். நாலைந்து நாளில் பெடல் முன்னைவிடக் கெட்டியானது. ‘நாம் செய்த வேலை செட் ஆகிறது’ என்று சந்தோஷப்பட்டார். நியூட்ரலில் போட்டுத் தள்ளினால் வண்டி முன்போல் உருளவில்லை. ‘புது லைனிங், கொஞ்சம் உரசத்தான் செய்யும்’ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் ஏற்காடு கிளம்பினார்கள். அவர், மனைவி, மகள், மகளின் நாலு வயதுக் குழந்தை. மலை ஏறும்போது வண்டிக்கு இழுவை இல்லை. பழைய இன்ஜின்தானே என்று விட்டுவிட்டார். மேலே போய் நிறுத்தியதும் கருகல் வாடை. மகள்கூடக் கேட்டிருக்கிறாள், “என்னப்பா ஏதோ தீயற வாசனை வருது?” ஏறி வந்த சூடு என்று நினைத்தார்கள். மூன்று மணி நேரம் வண்டி ஏரிக்கரையில் ஆறியது. வாடை போய்விட்டது.

இறங்கும்போது மூன்றாவது கியரில் வந்தார். வளைவுக்கு வளைவு பிரேக். பாதி வளைவுகள் மிச்சம் இருக்கும்போது பெடல் பஞ்சு மாதிரி ஆனது. அடுத்த வளைவில் மிதித்தால் கால் நேராகத் தரையில் போய் இடித்தது.

பெடலே இல்லை!

இரண்டாவது கியருக்கு இழுத்து, கைப் பிரேக்கையும் இழுத்து, பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்து ஓடையில் வண்டியை இறக்கி, பாறையில் உரசி நிறுத்தினார். அந்த நேரத்தில் அவருக்கு அந்தப் புத்தி வந்ததே, அது போதும். மனைவிக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. மடியில் இருந்த குழந்தைக்கு நெற்றியில் நாலு தையல். எதிரே பஸ் வரவில்லை. வந்திருந்தால் நான் இதை இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், பெடலை மிதித்தால் திரவத்தைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் ரப்பரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “பாருங்க சார், பணியாரம் மாதிரி உப்பிக்கிடக்கு.”

இப்போது என்ன நடந்தது என்று சொல்கிறேன். கவனமாகக் கேளுங்கள். பிரேக் லைனில் இருக்கிற ரப்பர், கிளைக்கால் என்ற ரசாயன வகைத் திரவத்துக்கென்றே செய்யப்பட்ட ரப்பர். இன்ஜின் ஆயில், டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல், சாதாரண கிரீஸ், இதில் எது பட்டாலும் அது ஊறிப் பருக்கும். ஒரே நாளில் தெரியாது. நாள்பட நாள்படப் பருக்கும். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை உண்டு. பெடலிலிருந்து காலை எடுத்ததும், சூட்டில் விரிந்த திரவம் அந்த ஓட்டை வழியாகத்தான் மேலே இருக்கிற திரவ டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். பருத்த ரப்பர் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டது. திரவம் திரும்பவில்லை. ஷூ டிரம்மை விட்டு விலகவில்லை. நீங்கள் மிதிக்காமலேயே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. உரச உரசச் சூடு. சூடு ஏற ஏறத் திரவம் இன்னும் விரிகிறது, பிடி இன்னும் இறுகுகிறது. கடைசியில், சக்கரத்தில் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டருக்குள் திரவம் கொதித்து ஆவியானது. திரவத்தை அழுத்தினால் அழுத்தம் கடைசி வரை போகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், அவ்வளவுதான். கால் தரைக்குப் போனது அதனால்தான்.

பெடல் கெட்டியானது, வண்டி உருளாதது, இழுவை இல்லாதது, கருகல் வாடை. நாலு தடவை வண்டி சொல்லியிருக்கிறது!

எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு வார்த்தை. ஆயில். கடைக்காரர் ‘பிரேக் ஆயில்’ என்கிறார், மெக்கானிக் ‘பிரேக் ஆயில்’ என்கிறார், நாமும் அப்படியேதான் சொல்கிறோம். அந்தக் காலத்தில் அது பாதி உண்மைதான். விளக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்து பிரேக்குக்கு ஊற்றிய காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கு உங்கள் வண்டியில் இருப்பது அது இல்லை. கிளைக்கால் ஈதர் என்ற ரசாயனம். தண்ணீரோடு கலக்கும், எண்ணெயோடு கலக்காது. விளக்கெண்ணெய்க் கதையைக் கேட்டுவிட்டு யாரும் அதையும் ஊற்றிப் பார்க்க வேண்டாம், தாயே!

கடையில் வாங்குகிற டின்னில் ‘டாட் 3’ அல்லது ‘டாட் 4’ என்று எழுதியிருக்கும். உங்கள் வண்டிக்கு எது என்று வண்டியின் புத்தகத்தில் இருக்கும். இந்த இரண்டும் ஒரே குடும்பம். ‘டாட் 5’ என்பது வேறு சாதி, சிலிகான். எண் பெரிதாக இருக்கிறது, அதனால் உசத்தி என்று நினைத்து அதை வாங்கி மற்றதோடு கலந்துவிடாதீர்கள். இரண்டும் ஒன்றோடு ஒன்று சேராது. ‘டாட் 5.1’ என்று இன்னொன்று உண்டு, அது மறுபடியும் கிளைக்கால். குழப்பமாக இருக்கிறதா? குழப்பமாக இருந்தால் வாங்காதீர்கள். தெரிந்தவரைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு விஷயம். இந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் திறந்து வைத்த பொட்டலத்தில் உப்பு கசிகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். புது டாட் 3 கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதில் மூன்றே முக்கால் சதவீதம் போலத் தண்ணீர் சேர்ந்தால், 140 டிகிரி வரை தாங்கினாலே போதும் என்றுதான் தர விதி சொல்கிறது. டாட் 4-க்கு இது 230-ம் 155-ம். போன வருஷம் திறந்து, பாதி ஊற்றி, மூடி சரியாகப் போடாமல் அலமாரியில் வைத்த டின்னில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

திறந்த பழைய டின் வேண்டாம். சீல் உடையாத சின்ன டின்னாக, தேவைக்கு மேல் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இன்னொரு சின்ன டின் இருந்திருந்தால் இத்தனையும் இல்லை.

திரவம் கொதிக்கிற அளவுக்குச் சூடு எங்கிருந்து வரும் என்கிறீர்களா? ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறக்கம், 20 கொண்டை ஊசி வளைவுகள். நாலு பேர் உட்கார்ந்த பத்மினி ஆயிரத்து நூறு கிலோவுக்குமேல் வரும். அந்த எடை அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது விடுகிற சக்தியைக் கணக்குப் போட்டால், ஓர் அண்டா தண்ணீரை, 30 லிட்டருக்கும் மேலாக, கொதிக்க வைத்துவிடலாம். சின்ன கியரில் இறங்கினால் இன்ஜின் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். பெரிய கியரில், பிரேக்கை நம்பி இறங்கினால் பெரும்பகுதி நாலு டிரம்முக்குள் போகும். வால்பாறைக்கு 40 வளைவு, கொல்லிமலைக்கு 70. வீட்டில் பிரித்துப் பூட்டிய பிரேக்கை முதன்முதலில் மலையில் சோதித்துப் பார்ப்பதா?

வேண்டவே வேண்டாம்!

சரி, திரவம் ஒரு பக்கம் இருக்கட்டும். வேலை ஆரம்பிக்கும்போதே உயிர் போகிற இடம் ஒன்று இருக்கிறது. ஜாக்கி.

டிக்கியில் இருக்கிற ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான். அதில் வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். துருப்பிடித்த டிரம்மைச் சுத்தியலால் தட்டுவீர்கள், வண்டி ஆடும், ஜாக்கி சரியும். கட்டட வேலையில் மிஞ்சிய ஹாலோ பிளாக்கை அடுக்கி முட்டுக் கொடுக்கிறார்கள். பார்க்கக் கல் மாதிரி இருக்கும். ஒரு முனையில் பாரம் விழுந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். செங்கல்லும் அப்படியே. நாலு கால் உள்ள இரும்பு ஸ்டாண்டு, சமமான கெட்டித் தரை, தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. இந்த மூன்றும் இல்லையா? அன்றைக்கு வேலை இல்லை. கைப் பிரேக் போட்டிருக்கிறேனே என்று சொல்லாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் கைப் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை. பின்பக்கத்தைத் தூக்கியபின் அது எதைப் பிடிக்கும்?

வண்டியைத் தூக்கியபின் ஒருமுறை பலமாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால், நீங்கள் அடியில் இல்லாதபோதே ஆடட்டும்.

அடுத்து, டிரம்மைக் கழற்றினால் உள்ளே கறுப்பாக, சாம்பல் மாதிரித் தூசி. உஃப் என்று வாயால் ஊதுகிறோம். இல்லையென்றால் பஞ்சர் கடையிலிருந்து காற்றடித்து விரட்டுகிறோம். பக்கத்திலேயே பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

ஊதாதீர்கள்! அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது வழக்கம். உங்கள் ஷூவில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த இழை நுரையீரலுக்குள் போனால் எளிதில் வெளியே வராது. நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய், எல்லாம் இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து வரலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு நாற்பது வயதாகும்போது யாருக்கு நினைவிருக்கும், தாத்தா டிரம் ஊதினார் என்று?

சோப்புத் தண்ணீரில் நன்றாக நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டித் தூக்கிப் போடுங்கள். லைனிங்கைத் தேய்க்காதீர்கள், துளை போடாதீர்கள். அன்றைக்குப் போட்ட சட்டையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். பிள்ளைகள் அந்தப் பக்கமே வர வேண்டாம். நான் கடுமையாகச் சொல்வதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலில் கழுவுவதும் நம் ஊர்ப் பழக்கம். தீப்பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது, அதே பெட்ரோல் சிலிண்டருக்குள் துளி தங்கினாலும் ரப்பர் கெடும் என்பது. சிலிண்டரையும் ரப்பரையும் புது பிரேக் திரவத்தாலேயே கழுவ வேண்டும். ஸ்பிரே டப்பாவில் வரும் பிரேக் கிளீனரில் குளோரின் சேர்ந்த வகை உண்டு. அதை அடித்த இரும்பில் ஈரம் காயாமல் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற வாயு வரும். முதல் உலகப் போரில் சிப்பாய்களைக் கொன்ற வாயு அது. அந்த ஸ்பிரே அடித்த இரும்பில் வெல்டிங் வைக்காதீர்கள், ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அதை அடிக்கவும் வேண்டாம்.

பார்ட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அம்பாசடர் 2014-ல் நின்றுவிட்டது. மாருதி 800-ம் அதே வருஷம் நின்றது. பத்மினி அதற்கும் வெகுமுன்பே, 2000-ஐ ஒட்டி. அப்படியானால் கடையில் கிடைக்கிற வாஷர் கிட் எப்போது செய்தது? யோசித்துப் பார்த்தீர்களா? கவர் புதிதாகப் பளபளக்கும், உள்ளே ரப்பர் விறைத்துப்போயிருக்கும். விரலால் மடக்கிப் பாருங்கள். ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரப்பருக்குக் கிரீஸ் தடவ வேண்டுமானால் அதற்கென்று ரப்பர் கிரீஸ் தனியாக, சிவப்பாக வரும். பேரிங் கிரீஸ் கூடாது. கூடவே கூடாது.

சிலிண்டருக்குள் விரலை விட்டால் குழி தட்டுப்படுகிறதா? உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்துச் சமாளிக்கலாம் என்பார்கள். குழி விழுந்த சிலிண்டரில் புது ரப்பர் போட்டால் அந்தக் குழியிலேயே கசியும், புது ரப்பரும் கிழியும். சிலிண்டரை மாற்றுங்கள்.

பைப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. துருப்பிடித்த பிரேக் பைப்புக்குப் பதிலாக ஃபிரிட்ஜ் வேலைக்கு வருகிற செப்புக் குழாயை வெட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கார் டயரில் நீங்கள் அடிக்கிற காற்று 30 பி.எஸ்.ஐ. பிரேக்கை ஓங்கி மிதிக்கிற அந்த ஒரு கணம் பைப்புக்குள் அழுத்தம் 1000 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும். மெதுவாக மிதித்துப் பார்க்கும்போது எதுவும் தாங்கும். குறுக்கே குழந்தை ஓடிவரும்போதுதான் ஓங்கி மிதிப்பீர்கள். அப்போது பிய்த்துக்கொள்ளும். பிரேக்குக்கென்று செய்த பைப், முனையை இரட்டையாக மடித்தது, அதுதான் வேண்டும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். இந்தப் பழைய வண்டிகள் பலவற்றில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே லைன்தான் நாலு சக்கரத்துக்கும் போகிறது. பின்னால் வந்த வண்டிகளில் இரண்டு லைன், ஒன்று போனாலும் ஒன்று பிடிக்கும். ஒரே லைன் உள்ள வண்டியில் எங்கேயாவது ஓரிடத்தில் கசிந்தால் நாலு சக்கரமும் சேர்ந்தே போகும்.

பூட்டும்போது ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் பிரியுங்கள். இரண்டையும் ஒன்றாகப் பிரித்துப் பரப்பினால் எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டை, எந்த ஷூ முன்னால், எது பின்னால் என்று தெரியாமல் போகும். பிரிக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். ஷூ ஸ்பிரிங் தெறித்தால் நேராக முகத்துக்குத்தான் வரும். சிலிண்டர் ரப்பரில் கிண்ணம் மாதிரிக் குழிந்த பக்கம் திரவத்தைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் பிடிக்காது. எண்ணெய் பட்ட ஷூவைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி மறுபடி போடுகிற வித்தையைச் சில பேர் சொல்லித்தருவார்கள். கேட்காதீர்கள். எண்ணெய் குடித்த ஷூ ஒரு பக்கம், நல்ல ஷூ ஒரு பக்கம் இருந்தால், பிரேக் பிடித்ததும் வண்டி எதிர் வண்டிக்கு நேராக இழுத்துக்கொண்டு போகலாம்.

மாஸ்டர் சிலிண்டரைப் பெடலோடு சேர்க்கிற கம்பிக்குக் கொஞ்சம் இடைவெளி வேண்டும். பெடல் மேலேயே பிடிக்கட்டும் என்று அந்த இடைவெளியை இறுக்கி எடுத்துவிட்டால், ரப்பர் கடைசி வரை திரும்பி வராது. அப்புறம் அந்தச் சின்ன ஓட்டை திறக்காது. நல்ல ரப்பராக இருந்தாலும், சரியான திரவமாக இருந்தாலும், ஏற்காட்டில் நடந்தது அப்படியே நடக்கும்.

ஏர் எடுக்கும்போது, மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால், பெடலைத் தரை வரை மிதித்து மிதித்து அடிக்காதீர்கள். இத்தனை வருஷம் ரப்பர் போகாத இடத்தில் துரு கட்டியிருக்கும். தரை வரை மிதித்தால் ரப்பர் அந்தத் துருவின்மேல் ஏறிக் கிழியும். நேற்றுவரை நல்ல மாஸ்டர், இன்றைக்குப் போச்சு. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டால் கால் முழுசாகப் போகாது. மேல் டப்பாவை ஒரு கணமும் காலியாக விடாதீர்கள். வெளியே வந்த பழைய திரவத்தை மறுபடி டப்பாவில் ஊற்றாதீர்கள்.

இனி, வண்டி உங்களிடம் சொல்கிற அறிகுறிகள். இதில் ஒன்று தெரிந்தாலும் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? உள்ளே காற்று இருக்கிறது.

காலை அழுத்தி வைத்தபடி ஒரு நிமிஷம் இருங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாமலேயே மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விட்டுக்கொடுக்கிறது. இது பலரை ஏமாற்றும்.

முதல் மிதியில் கீழே போய், இரண்டு மூன்று தடவை அடித்தால்தான் மேலே வருகிறதா? ‘நாலு அடி அடிச்சா நல்லா புடிக்கும்’ என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நெருக்கடியில் நாலு அடி அடிக்க யார் நேரம் கொடுப்பார்கள்?

டயரின் உட்புறத்தில் ஈரம். டப்பாவில் அளவு இறங்கிக்கொண்டே போவது. பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுப்பது. ஓட்டிவிட்டு வந்து சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனால் ஒன்று மட்டும் அனல் அடிப்பது. தொட்டுவிடாதீர்கள், அருகே காட்டினாலே தெரியும். வண்டி நியூட்ரலில் உருளாதது. கருகல் வாடை. காரணமே இல்லாமல் பெடல் கெட்டியாவது. இந்தக் கடைசி அறிகுறியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், நல்லதுக்கு என்று நினைப்பார்கள்.

தப்பான ஆயில் ஊற்றிவிட்டோம் என்று இப்போதுதான் தெரிகிறதா? டப்பாவிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மாஸ்டர், வீல் சிலிண்டர், ஹோஸ், எங்கெல்லாம் ரப்பர் இருக்கிறதோ அத்தனையும் மாற்ற வேண்டும், பைப் முழுவதும் கழுவ வேண்டும். செலவுதான். செய்துதான் ஆக வேண்டும்.

வேலை முடிந்ததும் முதலில் நின்ற இடத்திலேயே ஓங்கி மிதித்துப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை விட்டு நாலு சக்கரத்தையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஆள் இல்லாத மைதானத்தில், நடக்கிற வேகத்தில். பிறகு இருபது கிலோமீட்டர் வேகத்தில். தனியாக. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இல்லை. புது லைனிங் டிரம்மோடு பழகச் சில நாள் ஆகும், அதுவரை ஊருக்குள் மெதுவாக. பதினைந்து நாள் கழித்து டிரம்மைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். அப்புறம்தான் மற்ற பேச்சு.

அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று. மிஞ்சிய பிரேக் திரவத்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது! புதுசாக இருக்கும்போது அது பார்க்க ஜூஸ் மாதிரி, வெளிர் மஞ்சளாக இருக்கும். சில வகைகளில் டை எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. 2022-ல் காம்பியா நாட்டில் இருமல் மருந்து குடித்த குழந்தைகளின் சிறுநீரகம் செயலிழந்து எத்தனை உயிர் போனது என்று செய்தியில் பார்த்தோம். அந்த மருந்தில் கலந்திருந்த நஞ்சுகளில் ஒன்று இதேதான். பாட்டிலைத் தேடிப்பிடித்து இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். தரையில் சிந்தினால் மணல் போட்டு அள்ளுங்கள். கையில் கிடைத்த பிளீச்சிங் பவுடரைத் தூவிவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் தீப்பற்றக்கூடும். கண்ணில் பட்டால் குழாயடியில் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஓடுகிற வண்டியில் பெடல் போய்விட்டால் என்ன செய்வது என்று வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பெடலை வேகமாக அடித்துக்கொண்டே இருங்கள், கொஞ்சம் பிடி திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். கைப் பிரேக்கை ஒரே இழுப்பாக இழுக்காமல், பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஹாரன் அடித்துக்கொண்டே இருங்கள். சாவியை உருவாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். மலையில் என்றால் மலைப் பக்கம் ஒதுங்குங்கள்.

அந்தக் குழந்தையின் நெற்றியில் தழும்பு இன்னும் இருக்கிறது. தாத்தா அதற்குப் பிறகு அந்த வண்டியைத் தொடவில்லை. தவறு எங்கே என்று தெரிந்தபின்னும் தொடவில்லை. நான் உங்களை அந்த அளவுக்குப் போகச் சொல்லவில்லை. ஷூவை, டிரம்மை நீங்களே கழற்றுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். பூட்டி முடித்ததும், ஊரில் பழைய வண்டி பார்த்துக் கை பழகிய மெக்கானிக் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, சாவியைத் திருப்பும் முன் நாலு சக்கரத்தையும் காட்டுங்கள். ஏற்கெனவே யாராவது மீதி ஆயில் ஊற்றிய வண்டி உங்கள் ஷெட்டில் நிற்கிறது என்றால், தயவுசெய்து, நாளைக் காலை அதை எடுக்காதீர்கள்.